மாட்டுங்காவோடு முடிந்துவிடும் பட்டியல்

மும்பைக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விஷயங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிற அறிவுரை. இன்னொன்று, நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்கிற பட்டியல். முதல் விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டாவதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை! கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், கஃபே மைசூர். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஷ்ரயா. இலை போட்டுச் சாப்பிட ராமா நாயக். கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் செம்பூரில் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்வார். அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது.

பதினான்கு வருஷமாக இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைகளில் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது. எங்கள் குடியிருப்பில் புதிதாக யார் வந்தாலும் யாராவது ஒருவர் இதையே ஒப்பிக்கிறார். எனக்கு இந்தப் பட்டியலோடு ஒரு சண்டை இருக்கிறது. மனசிலேயே வைத்துக்கொண்டிருந்து என்ன பயன், போட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மாட்டுங்காக்காரர்கள் என்னை ஊரை விட்டே துரத்திவிடுவார்கள் :-) அந்தக் கடைகள் நல்ல கடைகள். கஃபே மெட்ராஸின் ரசவடைக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்கிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே ராகி தோசை பிரமாதம். ராம் ஆஷ்ரயாவில் விடிகாலையிலேயே உப்புமாவும் காப்பியும் ஆவி பறக்க வரும். சுவரில் அன்றைக்கு என்ன இருக்கிறது என்று எழுதிப் போட்டிருப்பார்கள், அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பது ஒரு சுகம். ராமா நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-லிருந்து நடக்கிறது. வீட்டை விட்டு வந்த எத்தனை குமாஸ்தாக்களின் வயிற்றை அந்த வாழையிலை காப்பாற்றியிருக்கும்! இதில் எதையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் அவை யாருடைய சமையலறைகள்? நாயக், காமத், ஷெட்டி. உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள், கொங்கணிக்காரர்கள். கஃபே மெட்ராஸ் என்ற பெயரில் மெட்ராஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1956 வரை தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில்தானே இருந்தது, ஆகவே அந்தப் பெயரிலும் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், அதைப் போய் "இதாங்க நம்ம தமிழ்ச் சாப்பாடு" என்று வடக்கத்தி நண்பர்களிடம் நாமே அறிமுகம் செய்கிறோமே, அங்கேதான். இந்த நகரத்துக்கு சாம்பார் என்றால் வெல்லம் போட்டது. என் பையன் இங்கேயே வளர்ந்தவன். ஒரு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சி வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "வெல்லம் போட மறந்துட்டாங்களாப்பா?" என்று கேட்டான். ஆச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

சரி, தமிழர்கள் சமைத்து இந்த நகரத்துக்குப் போடுகிற சாப்பாடு எது? அது தினமும் உங்கள் கட்டட வாசலுக்கு வருகிறது. காலை ஆறரை, ஏழு மணிக்குத் தெருவில் 'பாம் பாம்' என்று ரப்பர் ஹாரன் சத்தம் கேட்கும். சைக்கிள் கேரியரில் பெரிய அலுமினிய டப்பா, ஹாண்டில்பாரில் சட்னித் தூக்கு, வாழையிலைத் துண்டு அல்லது பழைய பேப்பர். மராத்திக்காரர், குஜராத்திக்காரர், பீகாரி வாட்ச்மேன் எல்லாரும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். மும்பைக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. மொத்த நகரமும் உறவு கொண்டாடுகிற அந்த அண்ணனுக்கு எந்தப் பட்டியலிலும் விலாசம் கிடையாது.

விலாசம் நான் சொல்கிறேன். தாராவி.

மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து தாராவி 90 அடி ரோடு அதிகம் போனால் இரண்டு கிலோமீட்டர். இன்னும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தாராவியை ஒட்டி இருக்கிற குடியிருப்புக்குப் பெயரே மாட்டுங்கா லேபர் கேம்ப். பெயர்கூடத் தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. நம் பட்டியல்தான் இந்தப் பக்கமே நிற்கிறது.

இங்கே கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது. பம்பாய்த் தமிழர் என்றால் மாட்டுங்கா என்பது ஒரு பிற்காலக் கதை. பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மாட்டுங்காவை மனை பிரித்துக் குடியேற்றியதே இருபதாம் நூற்றாண்டில்தான். ஆஸ்திக சமாஜம் 1923, எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் 1932. டைப்பும் ஷார்ட்ஹாண்டும் படித்துவிட்டு வந்தவர்களின் காலம் அது. தாராவியில் தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்கள் தொழுகைக்குக் கட்டிய படீ மஸ்ஜித் 1887-ல் எழுந்தது என்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் நாடார்களும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்திருக்கிறார்கள். ஷார்ட்ஹாண்ட் தமிழனுக்கு முன்னாலேயே தோல் பதனிட்ட தமிழன் இங்கே வந்துவிட்டான். 1971-ல் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக் கூடத்தை தேவ்னாருக்கு மாற்றினார்கள். தோல் பதனிடும் தொழில் தாராவியிலிருந்து மெல்ல மெல்லப் போனது. ஆனால் ஆட்கள் போகவில்லை. முறுக்கு சுற்றினார்கள், கடலைமிட்டாய் காய்ச்சினார்கள் (இங்கே அதற்கு சிக்கி என்று பெயர்), இட்லி அவித்தார்கள்.

இட்லி அவிப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அந்த வேலையைப் பார்த்தால்தான் தெரியும். மத்தியானம் அரிசி ஊறும். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். பத்தடிக்குப் பத்தடி வீட்டில் கிரைண்டர் போக மிச்ச இடத்தில்தான் மனிதர்கள். பெரும்பாலும் கீழே குடும்பம், இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேல் தளத்தில் மாவுப் பாத்திரங்கள், அல்லது இதற்கு நேர் எதிர். மும்பையின் மழைக்காலப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் புளித்துவிடும், அதனால் ஆனி, ஆடி வந்துவிட்டால் அரைக்கிற நேரத்தைத் தள்ளிப் போடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் மாவு பொங்காது, பானைக்குச் சாக்கு சுற்ற வேண்டும். நடுராத்திரி தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு அடுப்பு பற்றும். நான்கரைக்குச் சட்னி தயார். ஐந்து மணிக்கு சைக்கிள்கள் கிளம்பிவிடும், தூரமாகப் போகிறவர்கள் முதல் லோக்கல் ரயிலைப் பிடிப்பார்கள். பாந்த்ரா, அந்தேரி, போர்ட் என்று நகரம் கண் விழிக்கிற இடமெல்லாம் தாராவி இட்லி போய் நிற்கும். ஒன்பது, பத்து மணிக்குள் வியாபாரம் முடிந்து காலி டப்பாவோடு திரும்பி, அரிசி வாங்கி, மறுபடியும் ஊறப் போடுவார்கள்.

பி.காம். படித்தபோது வொர்க்கிங் கேபிடல் சைக்கிள் என்று ஒரு பாடம் இருந்தது. மூலப்பொருள் வாங்கி, சரக்காக்கி, விற்று, காசு கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்கிற கணக்கு. பெரிய பெரிய கம்பெனிகள் அதை அறுபது நாளிலிருந்து ஐம்பது நாளாகக் குறைத்துவிட்டால் ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. தாராவி இட்லிக்கு அது இருபத்து நாலு மணி நேரம். கடன் பாக்கி கிடையாது, தேங்கிய சரக்கு கிடையாது. இதைவிடச் சுத்தமான கேஷ் ஃப்ளோவை என் வேலையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இட்லி மட்டும் இல்லை. சாயங்காலம் 90 அடி ரோட்டிலும் கிராஸ் ரோட்டிலும் நடந்து பாருங்கள். கல்லில் பரோட்டாவைப் போட்டு இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம், சால்னா வாசனை, ஆம்லெட், குடல் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் பாயா. நம்ம ஊர்ப் பக்கத்து பாய்கள் தம் போடுகிற பிரியாணி. கருவாட்டுக் குழம்பு வாசனையில் எனக்குத் தாமிரபரணிக் கரையே வந்து நிற்கும். கடைக்குப் பெயர் கேட்டால் பல இடங்களில் பெயரே கிடையாது. "அக்கா கடை", "முக்குக் கடை", "பாய் கடை". பெயர்ப் பலகை இல்லை என்பதனாலேயே பட்டியல் போடுகிறவர்களுக்கு அது கடையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இப்போது செம்பூருக்கு வாருங்கள். நான் குடியிருக்கிற பேட்டை என்பதால் சொல்லவில்லை, என் சண்டைக்கு இங்கேதான் சரியான சாட்சி இருக்கிறது. 1947-க்குப் பிறகு சிந்தி அகதிகளை இங்கே முகாம்களில் கொண்டுவந்து வைத்தார்கள். ராணுவக் கொட்டகைகள். சொத்தையெல்லாம் சிந்துவில் விட்டுவிட்டு வந்த ஜனம். அந்த இடத்தை இன்றைக்கும் செம்பூர் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள், பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அங்கே விக் ரெஃப்ரெஷ்மென்ட்ஸில் காலையில் தால் பக்வான் சாப்பிடுங்கள். மொறுமொறுவென்று பெரிய மைதா அப்பளம் மாதிரி ஒன்று, தொட்டுக்கொள்ளக் கடலைப் பருப்பு, மேலே புளிச் சட்னியும் நறுக்கின வெங்காயமும். பக்கத்திலேயே ஜாமா ஸ்வீட்ஸில் குலாப் ஜாமூன். எந்தச் சிந்தி நண்பரும் வெளியூர் விருந்தாளியை அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் அனுப்ப மாட்டார். அகதி முகாமில் பசிக்குத் தின்றதைப் பெருமையாகத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அதனால் மும்பை உணவு பற்றிய எந்தக் குறிப்பிலும் தால் பக்வான் இருக்கிறது.

இன்னொரு சாட்சி சயான் கோலிவாடா. தேசப் பிரிவினையில் வந்த பஞ்சாபிகள் குடியேறிய இடம். அங்கே கடலைமாவில் தோய்த்துப் பொரித்த இறாலுக்கு 'கோலிவாடா' என்று பெயர் வந்து, இன்று நாடு முழுக்க மெனு கார்டில் இருக்கிறது. வடா பாவ் வேறு எங்கிருந்து வந்தது? 1966 வாக்கில் தாதர் ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியிலிருந்து. மராத்திக்காரர்கள் அதை அரசியல் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். அதே அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பி உடுப்பி ஹோட்டல்களில் கல்லெறிந்த அரசியலும் அதோடு சேர்த்தி, அது தனிக்கதை.

இப்படி ஒவ்வொருவரும் தங்கள் ஏழைச் சாப்பாட்டைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாம் மட்டும் தாராவி என்றாலே குரலைத் தாழ்த்துகிறோம்.

ஏன்? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தஸ்து, அதற்குள்ளே சாதி. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் முலுண்டிலும் இருக்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தாராவியில் ஒன்றுவிட்ட சித்தப்பாவோ, மதினியோ, ஊர்க்காரரோ இருக்கிறார்கள்! கல்யாணப் பேச்சு வந்தால் "சயான் பக்கம்" என்கிறோம். ஊரிலிருந்து வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்குத் தாராவி என்றால் 'நாயகன்', அப்புறம் 'காலா'. 1987-ல் ஒரு தடவை, 2018-ல் ஒரு தடவை டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வருவார்கள், ஆனால் வாசல் வரை கூட்டிப் போனால் பர்ஸைத் தடவிப் பார்ப்பார்கள். சாப்பாட்டுக் கடைக்குச் சாதி உண்டு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957-ல் சென்னை முரளி கஃபே வாசலில் 'பிராமணாள்' என்கிற பலகையை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் ஆட்கள் நாள் கணக்காக மறியல் செய்தார்கள். அந்தப் பலகை போய்விட்டது. எந்தச் சமையலறையை "நம்ம சாப்பாடு" என்று வெளியாளிடம் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்கிற பலகை நம் மண்டைக்குள்ளே இன்னும் தொங்குகிறது. இல்லை என்கிறவர்கள் தங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

உடனே சுத்தம், சுகாதாரம் என்று கிளம்புவீர்கள். தெரியும். 2019-ல் போரிவலி ஸ்டேஷன் பக்கம் ஒரு இட்லி வியாபாரி கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறதாக ஒரு வீடியோ ஓடியது. அந்த ஆள் செய்ததற்கு அந்த ஆளைப் பிடிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் இட்லி அண்ணாவை கேட்டுக்குள் விடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த அண்ணா பதினொரு வருஷமாக எங்கள் வாட்ச்மேன் முதல் செயலாளர் வரை எல்லாருக்கும் இட்லி கொடுத்தவர். பெரிய ஹோட்டல் சமையலறையில் எலியும் கரப்பானும் பிடிபட்டால், அந்த ஹோட்டலுக்கு மட்டும் ஒரு வாரம் பூட்டு. தெருவில் ஒருத்தன் தப்பு செய்தால் தெரு முழுக்கக் குற்றவாளி. இது என்ன நியாயம்? சுத்தம் உண்மையிலேயே கவலை என்றால், நல்ல குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்ச் சாக்கடையும் தாராவிக்குக் கேளுங்கள். வரி கட்டுகிற நீங்கள் கேட்டால் மாநகராட்சிக் காதில் கொஞ்சம் சத்தமாக விழும்.

"நாங்க சைவம்" என்பது அடுத்த பதில். தாராளமாக. இட்லியும் முறுக்கும் எப்போதிலிருந்து அசைவம்?

"அங்கே போனா சுற்றுலாப் பயணி மாதிரி இருக்காதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இது கொஞ்சம் மதிக்கத்தக்க கேள்வி. 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்த 2008-க்குப் பிறகு கேமராவோடு வரிசையாக நடக்கிற வெள்ளைக்காரர்களைத் தாராவிக்காரர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவன் வேறு, பசித்துப் போகிறவன் வேறு. பசித்துப் போய், தமிழில் கேட்டு, காசு கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். யாரும் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைக்க மாட்டார்கள். பாந்த்ராவில் 2024-ல் பெங்களூர் வெண்ணெய் தோசைக் கடை ஒன்று வந்தபோது வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர்கள்தானே நாம்?

இதெல்லாம் வெறும் சாப்பாட்டுச் சண்டை என்று நினைத்தால் இத்தனை நீளம் எழுதியிருக்க மாட்டேன். பட்டியலில் இல்லாதது என்ன ஆகும் என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் அப்போது இருந்த கிளைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். புது கிரைண்டர் வாங்க முத்ரா கடன் வேண்டும். 2015-ல் வந்த அந்தத் திட்டத்தில் சிசு என்கிற பிரிவில் 50,000 ரூபாய் வரைக்கும் ஜாமீன் வேண்டாம். படிவத்தில் 'நிறுவனத்தின் பெயர்' என்று ஒரு கட்டம்.

"தொழிலுக்கு என்ன பேருங்கம்மா?"

"இட்லிக்குப் பேரு இட்லிதான் சார். வேற என்ன பேரு?"

'தொழில் நடக்கும் முகவரி' என்று அடுத்த கட்டம். வீட்டின் மேல் தளம் என்றார். மேல் தளத்துக்கு ஏதாவது காகிதம் உண்டா என்றால், கரண்ட் பில் கீழ் வீட்டுக்குத்தான் வருகிறது, அதுவும் செத்துப்போன மாமனார் பெயரில். பேசிக்கொண்டே இருந்தவர் என் பேச்சைக் கேட்டு, "சாருக்கு எந்த ஊரு?" என்றார். அம்பாசமுத்திரம் என்றேன். "அட, நம்ம ஊருப் பிள்ளையா! அப்ப நீயே ஒரு பேரு எழுதிக்கோயேன் தம்பி" என்று சிரித்தார். மகள் பெயரைச் சொல்லச் சொல்லி அதையே எழுதினேன். அந்தக் கடனைப் பாஸ் செய்ய வைப்பதற்குள் மேலிடத்திலிருந்து மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். 'தொழில் இருப்பதற்கு ஆதாரம் போதாது' என்று குறிப்பு. இருபது வருஷமாகப் பாதி அந்தேரிக்கு இட்லி போட்ட தொழிலுக்கு ஆதாரம் போதாதாம்! வங்கியின் பெயர் வேண்டாம், எல்லா வங்கியும் அப்படித்தான். கடன் வந்தது, கிரைண்டர் வந்தது, ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்தார்.

இப்போது தாராவிக்கே அந்தப் படிவம் வந்திருக்கிறது.

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை எடுத்தது. மாநில அரசும் அதில் பங்குதாரர். 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. அறிவித்த விதி இது: 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்து தரைத்தளத்தில் இருக்கும் வீடு என்றால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். 2000-லிருந்து 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய் விலையில் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மேல் தளத்தில் இருப்பவர்களும் அதற்குப் பிறகு வந்தவர்களும் தாராவிக்கு வெளியே வாடகைக் கொள்முதல் வீட்டுக்குப் போக வேண்டும். பழைய தகுதியுள்ள கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் 225 சதுர அடி. கூடவே ஐந்து வருஷத்துக்கு மாநில ஜி.எஸ்.டி. திருப்பித் தருவார்களாம்.

மேல் தளம் என்றதும் உங்களுக்கு மாவுப் பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் எழுதியது வீண் போகவில்லை. ஒரே குடும்பம் கீழே படுத்து மேலே அரைக்கிறதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? வீடு என்றா, கடை என்றா? வீடு என்று எழுதினால் தொழில் காணாமல் போகும். மேல் தளத்தில் தம்பி குடும்பம் இருந்து அவர்கள்தான் இட்லி அவிக்கிறார்கள் என்றால், கிரைண்டரோடு முலுண்டுப் பக்கமோ தேவ்னார் பக்கமோ போக வேண்டியதுதான். விடிகாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து பாந்த்ராவுக்கு சைக்கிளில் எப்படி வருவது? சயானுக்கும் மாஹிமுக்கும் நடுவில், மூன்று ரயில் பாதைகளுக்கும் பக்கத்தில் இருப்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனமே. அப்புறம் அந்த ஜி.எஸ்.டி. சலுகை. இட்லிக்கார அக்காவுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே கிடையாது, கட்டாத வரியை எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள்? வணிகவியல் படித்தவன் என்ற முறையில் நானும் யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை :-)

நல்ல வீடும் தண்ணீரும் கழிப்பறையும் தாராவிக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. வேண்டும், நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஆனால் பதினேழாவது மாடியில் இரவு இரண்டு மணிக்கு நூறு தட்டு இட்லி அவிக்க விடுவார்களா என்று எந்த விளம்பரப் படத்திலும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். கஃபே மெட்ராஸை இடிக்கப் போகிறோம் என்று யாராவது சொல்லட்டும், மறுநாளே பாரம்பரியம், கலாசாரம் என்று பத்திரிகையில் கடிதம் எழுத ஆயிரம் தமிழர்கள் இருக்கிறோம். தாராவியின் சமையலறைகளுக்காக ஒரு கடிதம் எழுதினவர் யார்? சங்கங்கள் என்ன செய்கின்றன? ஷண்முகானந்தா அரங்கத்தில் பாட்டுக் கச்சேரி கேட்டுவிட்டு வெளியே வந்து வலது பக்கமா இடது பக்கமா, எங்கே டிபன் சாப்பிடலாம் என்று பேசுகிற கூட்டம், அதே தூரத்தில் இருக்கிற தாராவியைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டதா?

தாராவியில் சொந்தக்காரர், ஊர்க்காரர் யாராவது வீட்டிலேயே சமைத்து விற்றுக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவர்களிடம் பேசுங்கள். கிரைண்டர் வாங்கின ரசீது, மளிகைக் கடைச் சீட்டு, அரிசி மூட்டை வாங்கின பில், கரண்ட் பில், யு.பி.ஐ.யில் காசு வந்த கணக்கு, எதையும் கிழித்துப் போட வேண்டாம். ஆதார் இருந்தால் உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறு தொழில்களுக்காகவே 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்று ஒரு தளம் வந்தது. வங்கி மூலமாக அதில் பதியலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் சிறுதொழில் என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் கிடைக்கும். கணக்கெடுப்பில் 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தால் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மராத்தியில் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.

போகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். சயான் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி 90 அடி ரோட்டைப் பிடியுங்கள். எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டு போங்கள், இட்லி வாங்கி வர. சிவப்புச் சட்னி கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள். எட்டரைக்கு மேல் போனால் எல்லாம் தீர்ந்திருக்கும்.